ஏற்றத்தில் கதை கிடையாது

ஷெஃபாலி விசில் ஊதியது பத்துபஸ்தியில், விமான நிலையத்தை ஒட்டி ரோடு கொஞ்ச தூரம் மேடு பள்ளம் இல்லாமல் போகும் இடத்தில்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊதுகிற விசில் அது. ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில் நடுரோட்டில் ஊதினால்? பால்காரர் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தார். நான் நின்றேன். செல்வி மட்டும் இன்னும் நாலடி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ருக்கோ! ரெண்டு பேரும் நில்லு!"

ஷெஃபாலியின் தமிழில் மரியாதை என்ற பகுதி கிடையாது. ரங்கத் கடைவீதியில் சாமான் வாங்கிக்கொண்டே பொறுக்கிய தமிழ். எல்லோரும் அவளுக்கு 'நீ'தான்.

கைப்பேசியை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓடின தூரம், ஓடின வேகம் எல்லாம் அதில் கோடு கோடாக வரும். "இத பாரு. மேடு வருது, செல்வி ராக்கெட். எறக்கம், டீக் ஹை, பரவால்ல. ஃபிளாட் வருது, அவ்ளோதான், கல்யாண ஊர்வலம் போறா. தெனமும் இதே. க்யூங்? ஏன்?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன். ஏன் என்பது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

செல்வியின் ஓட்டத் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தேர்வு நடக்கப்போவது கடலோர ரோட்டில். அதில் மருந்துக்குக்கூட மேடு கிடையாது.

மூச்சும் பேச்சும்

போன வாரம் இந்தப் பத்தியில் கப்பல் டிக்கெட் வரிசையைப் பற்றி எழுதியபோது இந்த இருவர் பெயரும் போகிற போக்கில் வந்துவிட்டது. யார் இவர்கள் என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டியதுதான். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு அந்தமான் என்றால் ஜெயிலும் பவளப் பாறையும்தான். இங்கேயும் ஆட்கள் சர்க்கரை வியாதிக்குப் பயந்து காலையில் ஓடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் புதுத் தகவலாக இருக்கலாம்.

ஷெஃபாலி விளையாட்டு டீச்சர். பிறந்து வளர்ந்தது ரங்கத் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில், ஒரு பெங்காலிக் குடும்பத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை ஓட வைத்தே கொன்றுவிடுவாள்.

செல்வி கராச்சர்மாவில் என் வீட்டுக்கு இரண்டு வளைவு தள்ளிக் குடியிருக்கிறாள். ஓர் அலுவலகத்தில் தினக்கூலி. புருஷனுக்குத் தீவு விட்டுத் தீவு போகும் படகில் வேலை, மாதத்தில் பாதி நாள் தண்ணீரில். வனக் காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மிச்சமிருந்தது ஓட்டம். நீண்ட தூரம், குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. தவறினால் ஆயுசுக்கும் தினக்கூலிதான். அவள் இதை அழுது சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

நான் மூன்றாவது ஆள். டாக்டர் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். மறுநாள் முக்காடும், மகனுடைய பழைய ஷூவுமாகத் தெருவில் இறங்கினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி என் வீட்டுக்காரரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். பஜாரில் குழாய் சாமான் கடை வைத்திருக்கிறார். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், "யாரு வெரட்டுறாங்கன்னு இந்த ஓட்டம், ஜமீலா?" என்றார். பதில் சொல்ல நின்றால் அன்றைக்கு ஓடியிருக்க மாட்டேன்.

மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் நல்ல வேகம் என்பது ஷெஃபாலியின் சட்டம். சரி, பேசினோம். வெங்காய விலை, கப்பல் தாமதம், அவரவர் வீட்டு ஆண்கள். முதல் வாரத்திலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆண்களைப் பற்றிப் பேச அவ்வளவு குறைவாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் நான் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான் நடுவில், ஆளுக்கொரு பக்கம் அவர்கள். முந்தின நாள் மதியம் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த அத்தியாயம் மறுநாள் காலை ரோட்டில் வெளியாகும். ஷெஃபாலிக்காகப் பாதி இந்தியில், செல்விக்காகப் பாதி தமிழில்.

ஒரே ஒரு விதி. ஏற்றத்தில் கதை கிடையாது. இது கலை சம்பந்தப்பட்ட விதி அல்ல. என் நுரையீரல் சம்பந்தப்பட்டது. போர்ட் பிளேரில் (பெயரை மாற்றிவிட்டார்கள், வாய்தான் இன்னும் மாறவில்லை) ஒரு மேடு ஏறி முடித்தால் அடுத்தது நிற்கும். கதை எந்த இடத்தில் இருந்தாலும், மேடு வந்துவிட்டால் நான் வாயை மூடிவிடுவேன். யாராவது கத்தியை ஓங்கியிருந்தால் ஓங்கியபடியே நிற்க வேண்டியதுதான். மேலே போய் மூச்சு வந்த பிறகே வெட்டுவான்.

விளைவு என்னவென்றால், செல்வி மேட்டில் பறப்பாள். எங்களுக்கு முன்னாலேயே உச்சிக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, சீக்கிரம் வாங்க, அப்புறம் என்னாச்சு?" என்று நிற்பாள். இவளுக்குப் பயிற்சி தேவையே இல்லை என்று ஷெஃபாலி அப்போது பெருமைப்பட்டாள். நானும்தான்.

இங்கே யாரும் அகதி இல்லை

நான் படிக்கிற நாவல்கள் ஒரே ரகம். ஊரை விட்டுக் கிளம்பியவர்கள், எல்லை தாண்டியவர்கள், கூடாரத்தில் காத்திருப்பவர்கள். எங்கிருந்தாவது எங்காவது யாராவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எனக்குப் போதும். சென்னையில் இருக்கும் என் தங்கை புத்தகக் கடையில், "அகதிக் கதை புதுசா எதுவும் வந்திருக்கா?" என்று கேட்டு வாங்கிக் கப்பல் பார்சலில் போட்டுவிடுவாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்ப்பாராம்.

எங்கள் குடும்பத்தில் எவரும் எதற்கும் பயந்து ஓடியதில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தோம், லாபம் இருந்தது, இருந்துவிட்டோம். ஒருவேளை அதனால்தான் இந்தக் கதைகள் எனக்குச் சுவையாக இருக்கின்றனவோ என்னவோ. பசி அறியாதவர்கள் சமையல் குறிப்பு படிப்பதுபோல.

ஆனால் என் இரண்டு பக்கமும் ஓடியவர்கள் கதை அப்படியில்லை. ஷெஃபாலியின் அப்பா கிழக்கு வங்கத்திலிருந்து சிறு வயதில் துரத்தப்பட்டு, கல்கத்தா வழியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர். செல்வியின் வீட்டார் இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் வெட்ட வந்தவர்கள். சுனாமி கச்சாலைத் துடைத்ததும் மறுபடி கிளம்பி, தகர ஷெல்டர்களில் இருந்துவிட்டு, போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் தீவில் யாரும் யாரையும் அகதி என்று சொல்வதில்லை. பெங்காலிகள் செட்லர். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ரிபாட்ரியேட், அதாவது தாயகம் திரும்பியவர்கள். அகதி என்கிற ஆள் என் புத்தகத்தில்தான் இருந்தார்.

இந்த நாவல்களை நான் புகழ்ந்து பேசினால் ஷெஃபாலி சிரிப்பாள். "அரே ஜமீலா தீதி, எங்க வீட்டுல சும்மா கெடக்குற சாமானுக்கு நீ காசு குடுத்து மெட்ராஸ்லேர்ந்து பார்சல் வாங்குற."

ஒரு பூஜை விடுமுறையில் அவளோடு ரங்கத்துக்குப் போயிருந்தேன். பஸ் பயணத்தின் அலுப்பெல்லாம் அவர்கள் வீட்டுக் குளத்து மீனில் போய்விட்டது. அவள் அப்பாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஊரை விட்டு வந்த நாள், எல்லை, பயம். நாவல் படித்த திமிர். அவர் இந்தியில் சொன்னார்: "கப்பலில் கொடுத்த கிச்சடியில் உப்பு இல்லை." அவ்வளவுதான். பிறகு அவரே திருப்பிக் கேட்டார். "உன் புத்தகத்தில் வருகிறவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து தேடிப் பார்த்தேன். முந்நூறு பக்கத்தில் பக்கத்துக்குப் பக்கம் பசி இருந்தது, ஒருவரும் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த எழுத்தாளர்மேல் அன்றைக்குப் போன மதிப்பு இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிருக்குத் தப்பி ஓடுகிறவர்கள் கதையை, தொப்பை குறைய ஓடுகிறவர்கள் கேட்டு ரசிப்பது சங்கடமான விஷயம்தான். எல்லை வீரன் துப்பாக்கியைத் தூக்கும் இடத்தில் கராச்சர்மா டீக்கடை வந்துவிடும். நாங்கள் சமோசா சாப்பிடுவோம். சந்தோஷமாகத்தான் சாப்பிடுவோம். மழை பிடித்துக்கொண்ட காலைகளில் முக்காடு கழுத்தோடு ஒட்ட, ஷூவுக்குள் தண்ணீர் சளசளக்க, மூன்று பேரும் கத்திக் கத்திக் கதை பேசிக்கொண்டு இறக்கத்தில் ஓடி வந்ததைவிடச் சந்தோஷமான காரியம் நடுவயதில் எனக்கு வாய்க்கவில்லை. அதற்கு வெட்கப்பட வேண்டுமா என்று பல தடவை யோசித்தேன். வெட்கம் வரவில்லை.

கழுதையிடம் சொன்னார்கள்

அந்தச் சமயம் ஓடிக்கொண்டிருந்த நாவலில் ஒரு மாமியார், ஒரு மருமகள். பனிமலை நாடு. மருமகள் பெயர் நூரா, தையல்காரி. விருந்தாளிக்காக மருமகளைக் கேட்காமல் அவளுடைய கோழியை மாமியார் அறுத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. எதுவானாலும் நடுவில் இருக்கும் மகன் மூலமாகத்தான். நாட்டில் போர் வருகிறது, மகன் காணாமல் போகிறான். இரண்டு பெண்களும் ஒரு கழுதையில் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு மலை தாண்டப் புறப்படுகிறார்கள். இப்போது யார் மூலமாகப் பேசுவது? கழுதை மூலமாக. "கழுதையே, ரொட்டி தீர்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்." "கழுதையே, தின்றது யார் என்று கேள்."

ஷெஃபாலி உடனே மாமியார் கட்சிக்குப் போய்விட்டாள். "விருந்துக்கு வந்தவனுக்குச் சோறு போட வேணாமா?" செல்வி மருமகள் கட்சி. "கோழி யாரோடது? ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிரும்?" இறக்கம் முழுக்க இந்த வழக்கு நடக்கும்.

கழுதை வந்த அன்று செல்வி சிரித்த சிரிப்பில் ஓட முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுல கழுத இல்லக்கா, டி.வி. இருக்கு. எங்க மாமியா டி.வி.கிட்டதான் சொல்லும். 'சில பேருக்கு வீட்டுல அடுப்பு எரியணும், ரோட்டுல கால்சட்ட போட்டு ஓடுறாளுக'ன்னு. நானும் டி.வி.கிட்டயே சொல்லுவேன். 'வேல கெடச்சா கேஸ் அடுப்பு நானே வாங்கிக்குவேன்'னு."

அந்த மாமியாரை நான் பார்த்திருக்கிறேன். மீனாச்சியம்மா. இலங்கையில் கொழுந்து பறித்து, கச்சாலில் ரப்பர் வெட்டி, அங்கேயே கடலுக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு வந்தவர். மெலிந்த, நிமிர்ந்த உருவம். காலையில் நாங்கள் கடந்து போகும்போது வாசலில் நிற்பார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். மருமகள் பக்கம் கண் போகாது.

நாவலில் நாங்கள் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டோம். அக்கரை அடுத்த நாடு. படகுக்காரன் கூலியாகக் கழுதையைக் கேட்கிறான். கழுதையைக் கொடுத்துவிட்டால் இருவரும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவார்கள்? மேடு வந்தது. வாயை மூடினேன். மேட்டில் செல்வி பறந்தாள். பத்துபஸ்தி சமதளம் வந்தது, வாயைத் திறந்தேன். ஷெஃபாலி விசில் ஊதியது அப்போதுதான்.

கதை பந்த்

விஷயம் இதுதான். மாதக்கணக்காகச் செல்வியின் கால்கள் ஒரு பாடத்தைப் படித்திருந்தன. ஏற்றம் என்றால் கதை இல்லை, சீக்கிரம் ஏறு. சமதளம் என்றால் கதை உண்டு, மெதுவாகப் போ, ஒரு வார்த்தை தவறவிடாதே. அவளுக்கே தெரியாமல் பழகிவிட்டது. ஓடக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவளுக்கு வேண்டிய இடத்தில் மெதுவாகப் போக நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

"கதை பந்த்," என்றாள் ஷெஃபாலி. "இன்னைலேர்ந்து ஒரு வார்த்தை கெடையாது. ஃபிளாட் மட்டும்."

அடுத்த நாளிலிருந்து கடலோர ரோட்டுக்கே ஆட்டோவில் போய் ஓடினோம். மூன்று பெண்கள் வாய் திறக்காமல் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பலனும் இல்லை. கதை நின்றது, காலின் பழக்கம் நிற்கவில்லை. சமரோட்டில் செல்வி என் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அதே ஊர்வல நடை போட்டாள். காது மட்டும் என்னிடமே இருந்தது.

"கழுதயக் குடுத்தாங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

"வாயத் திறந்தா ஷெஃபாலி என்னையக் கொன்னுருவா."

"மனசு அங்கயே நிக்குதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

அடுத்த வாரக் கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வந்ததாலேயே நல்ல யோசனை என்று நம்பினேன். "செல்வி, அன்னைக்கு முழு ரோட்டையும் ஒரே மேடுன்னு நெனச்சுக்க. நான் முடியற எடத்துல நிக்கிறேன். வந்து சேரு. மிச்சக் கதை அங்க இருக்கு." ஷெஃபாலி உதட்டைப் பிதுக்கினாள், மறுக்கவில்லை. செல்வி, "சரிக்கா," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு வேறு கவலை இருந்தது. நாவலின் முடிவு எனக்குத் தெரியும். கழுதையைக் கொடுத்துவிடுகிறார்கள். படகில் இடம் ஒருவருக்குத்தான். மாமியார் நூராவை ஏற்றிவிட்டு, முதல் தடவையாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கோழிக்காக மன்னிப்புக் கேட்கிறாள். அடுத்த படகு வருவதற்குள் குளிரில் இக்கரையிலேயே செத்துப்போகிறாள். இதையா ஓடிக் களைத்து வந்து நிற்கிறவளிடம் சொல்வது? மாற்றிவிடலாமா? படகைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கிழவியும் ஏறிவிடுவாள். எழுதினவர் வந்து கேட்கப்போகிறாரா என்ன?

ஒருமுறை கடைசி அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கலாம் என்று கடையில் தேடினால் புத்தகத்தைக் காணவில்லை. பைப்புக் கட்டுகளுக்கு நடுவில் எங்காவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடலோர ரோடு

தேர்வு நாளில் நல்ல வெயில். கூட வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். நானும் ஷெஃபாலியும் முடிவுக்கோட்டுப் பக்கம் இடம் பிடித்தோம். திரும்பிப் பார்த்தால் மீனாச்சியம்மா நிற்கிறார். கையில் ஃபிளாஸ்க். புடவை முந்தானையால் தலையை மூடியிருந்தார். யார் சொல்லி வந்தார், எந்த பஸ்ஸில் வந்தார் என்று தெரியவில்லை. கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார்.

வளைவைத் தாண்டி முதல் பெண்கள் வந்தார்கள். கெட்டிக்காரிகள், இளசுகள். அவர்களில் செல்வி இல்லை. அடுத்த கும்பலிலும் இல்லை. ஷெஃபாலி கைப்பேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அது நல்ல அறிகுறி அல்ல. அவளை அந்த ஊர்வல நடைக்குப் பழக்கியது என் வாய்தானே என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை தடவை நினைத்தேனோ.

பிறகு வளைவில் அவள் தெரிந்தாள். தனியாக வந்தாள். தலை குனிந்திருந்தது. ஆனால் ஊர்வல நடை இல்லை. கராச்சர்மா மேட்டில் ஏறுவாளே, அந்தப் பாய்ச்சல். கடல் பக்கம் பார்க்கவில்லை, எங்கள் பக்கமும் பார்க்கவில்லை. ஷெஃபாலி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றாள். நேரம் முடியப்போகிறது என்று கயிற்றை எடுக்க ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். செல்வி கோட்டைத் தாண்டினாள். நேரம் பார்ப்பவர் அவள் மார்பில் இருந்த எண்ணைப் பார்த்துத் தாளில் ஒரு டிக் போட்டார்.

தேறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர்தான் தேறினார்கள். அவ்வளவு ஒட்டி.

கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினேன். ரோட்டோரம் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். முதுகைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தேன். "சொன்ன மாதிரி வந்துட்ட. கேளு. கழுதயக் குடுத்துட்டாங்க. படகு இருக்கு பாரு, நல்ல பெரிய படகு…"

"படகு சின்னதுக்கா," என்றாள் செல்வி, குனிந்தபடியே.

நான் நிறுத்தினேன்.

"கடைல அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போயிட்டேன். நீங்க கதைய நிறுத்துன மறு வாரமே. நான் இந்திப் பள்ளிக்கூடம்ல? தமிழ எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், சத்தமா. எங்க மாமியா டி.வி.ய அமத்திட்டு வந்து பக்கத்துல ஒக்காந்துக்குச்சு. மொதல்லேர்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு."

"முடிவு தெரிஞ்சுமா இப்படி ஓடி வந்த? இங்க கதை இருக்குன்னுதானே நான்…"

"தெரிஞ்சதுனாலதான்க்கா. கேக்குறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. அந்தப் பொம்பள போயிருச்சு. சமரோட்டுல யாருக்காக நான் மெதுவாப் போவணும்?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கதையை எனக்குத் தெரியாமல் முடித்துவிட்டாளே என்ற கோபம். மச்சான் பேரிலும் கோபம். பிறகு பொறாமை. நான் அந்தப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்திருந்தால் என் வீட்டில் யாரும் டி.வி.யை அணைத்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் அடங்கிய பிறகுதான் அவள் தேறிவிட்ட சந்தோஷம் எனக்கு உறைத்தது.

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கேவிக் கேவி, சின்னப் பிள்ளை மாதிரி. தோற்றுப்போன பெண்கள்கூட அங்கே அப்படி அழவில்லை. குளுகோஸ் பாக்கெட்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு அதிகாரி, நடுத்தர வயது, ஓடி வந்தார்.

"ஃபெயில் ஹோ கயீ?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"பாஸ்!" என்றாள் ஷெஃபாலி, அடித்துவிடுவதுபோல.

"பின்னே ஏன் அழுகிறாள்?"

ஷெஃபாலி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மாமியார் கட்சியில் கடைசிவரை இருந்தவள் அல்லவா? போன வாரம் படித்து முடித்த செல்வி, முந்தின நாள்தான் அவளிடம் முடிவைச் சொன்னாளாம். அவள் படித்துவிட்டதை என்னிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. "ஸாஸ் மர் கயீ," என்றாள். மாமியார் செத்துவிட்டாள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "அட கடவுளே. இன்றைக்கா?"

"இல்லை. போன வாரம்," என்றாள் ஷெஃபாலி.

"காரியமெல்லாம் முடிந்ததா? அப்படியும் வந்து ஓடியிருக்கிறாள், பாருங்கள்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, இரண்டு பாக்கெட் குளுகோஸ் அதிகமாகக் கொடுத்தார்.

மீனாச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதிகாரியின் முன்னால் நின்று, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அது வேற மாமியா, தொர," என்றார். "ஆத்தங்கரையில போயிருச்சு. பாவம், ஒண்டியா." அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

பிறகு அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து தேநீரை ஊற்றிக்கொண்டே, இடையில் எவரையும் வைக்காமல், தரையில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"செல்வி. எந்திரிடி. ஒக்காந்தா காலு புடிச்சுக்கும்."